கலர் பாட்டில் திரும்பிப் போன காலம்

பொங்கல் விளையாட்டு விழா முடிந்த மறுநாள் காலை, பூங்காவைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்குக் கைகொடுக்க நானும் போயிருந்தேன். குளிர்பான பாட்டில்கள் மட்டும் மூன்று சாக்கு நிறைந்தன. எல்லாம் பத்து ரூபாய், இருபது ரூபாய் பிளாஸ்டிக் பாட்டில்கள். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மா, "முன்னெல்லாம் கலரு வாங்கிக் குடிச்சா, கடைக்காரரு பாட்டிலக் கையில வாங்கற வரைக்கும் நம்மளப் போகவே விடமாட்டாருங்க. இப்ப யாரும் கேக்கறதில்லைங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதிலேயே இருந்தது. நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் சோடாவும் கலரும் வளர்ந்ததும் தேய்ந்ததும் பெரும்பாலும் அந்தப் பாட்டிலால்தான் என்று யோசிக்க யோசிக்கத் தெரிந்தது. இந்தக் காலாண்டு இதழுக்கு அதையே எழுதுகிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் நாம் முடிவெடுக்க வேண்டிய ஒரு சின்ன விஷயமும் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

வெள்ளைக்கல்லில் இருக்கும் கேஸ்

சோடா என்பது தண்ணீரும் கரியமில வாயுவும்தான். அந்த வாயுவைத் தண்ணீரில் முதலில் கரைத்துக் காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர். 1767-ல் லீட்ஸ் நகரில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே மிதந்து நின்ற வாயுவில் தண்ணீரை வைத்து, அந்தத் தண்ணீர் சுறுசுறுவென்று இனிய ருசியோடு இருப்பதைக் கண்டார். 1772-ல் செய்முறையை எழுதி வெளியிட்டார். அதை வியாபாரமாக்கியவர் ஜெனீவாவில் இருந்த ஜேக்கப் ஷ்வெப். 1783-ல் அங்கே தொடங்கி, 1792-ல் லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்தில் மருந்தாகக் குடித்த இந்தத் தண்ணீரில் சோடா உப்பும் கலந்தார்கள். உப்பு பிறகு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வாயுவுக்குப் பீர் ஆலைதான் வேண்டும் என்பதில்லை. கார்பனேட் கற்கள் எதுவாக இருந்தாலும் அமிலம் ஊற்றினாலோ சூளையில் சுட்டாலோ கரியமில வாயு கிளம்பும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஓமலூர் ரோட்டில் மாமாங்கம், கருப்பூர் பக்கம் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகளில் இருப்பது மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சுத்தமான மாக்னசைட் ஒரு டன்னைச் சூளையில் முழுதாகச் சுட்டால் ஏறக்குறைய 520 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சும் 480 கிலோதான் இரும்பாலை உலைகளுக்குச் செங்கல்லாகிறது. கல்லின் பாதி எடைக்கு மேல் சோடாவில் பொங்கும் அதே வாயுதான். வெளிநாடுகளில் பழைய சோடா கம்பெனிகள் சுண்ணாம்புக்கல், சலவைக்கல், மாக்னசைட் ஆகியவற்றில் கந்தக அமிலத்தை ஊற்றித்தான் வாயு எடுத்தன. இன்று வாயு சிலிண்டரில் வருகிறது. உரத் தொழிற்சாலைகளிலும் வடிசாலைகளிலும் உபரியாகக் கிடைப்பதைச் சுத்தப்படுத்தி அடைக்கிறார்கள்.

கோலி

இந்தியாவுக்குச் சோடா வெள்ளைக்காரர்களின் ராணுவ முகாம்கள், கிளப்புகள் வழியாகத்தான் வந்தது. நம் பொதுமக்களிடம் அது வந்து சேரக் கோலி பாட்டில் தேவைப்பட்டது. சோடாவை அடைத்து வைப்பதுதான் அப்போது பெரிய சிக்கல். தக்கை காய்ந்தால் கேஸ் போய்விடும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் 1870-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார்.

பாட்டில் கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம், அதற்குக் கீழே ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரையும் கேஸையும் ஏற்றுவார்கள். நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வளையத்தில் ஒட்டிவிடும். மூடியே வேண்டாம், சோடாவின் கேஸே சோடாவுக்கு மூடி. கட்டை விரலாலோ மரக்கட்டையாலோ ஓங்கி அழுத்தினால் 'டப்' என்ற சத்தத்தோடு கோலி உள்ளே இறங்கும். குடிக்கும்போது அது மறுபடி வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். பள்ளம் இருக்கும் பக்கம் கீழே வருகிற மாதிரி பாட்டிலைச் சாய்த்துக் குடிக்கத் தெரியாதவன் அந்தக் காலத்தில் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் ஊர் ஊராகப் பரவியது. வேலூரில் கண்ணுசாமி முதலியார் 1924-ல் தொடங்கிய கண்ணன் அண்ட் கம்பெனி கோலி சோடாவுக்குப் பெயர் பெற்றது. விருதுநகரில் பழனியப்ப நாடார் 1916-லேயே காளிமார்க்கைத் தொடங்கியிருந்தார். இவை பெரிய பெயர்கள். இவை தவிர ஒவ்வொரு சந்தை ஊரிலும் ஒரு கையால் சுற்றும் மிஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலைந்து ஆட்கள் என்று நடந்த சோடா கம்பெனிகள்தான் அதிகம். மூலதனம் குறைவு, வெயில் அதிகம், தண்ணீர் உப்பு. எங்கள் பக்கத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்களுக்குச் சோடாவின் சுறுசுறுப்பு ஏன் பிடித்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் அப்படி ஒரு கம்பெனி இருந்தது. நெசவுத் தறிச் சத்தத்துக்கு நடுவே 'டணார்' என்று ஒரு சத்தம் கேட்டால், பாட்டில் வெடித்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். மிஷின் சுற்றியவரை நாங்கள் 'சோடாக்கார மாமா' என்போம். அவருக்கு ஒரு கண் இல்லை. கேஸ் ஏற்றும்போது வெடித்த பாட்டில் எடுத்த கண் அது. கனத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டும் கம்பிவலையை முகத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் வெயில் காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பழைய சோடாவைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசும்போது அந்த மாமாவின் முகமும் எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

பாட்டிலுக்குள் எத்தனை வகை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வகைகளைச் சொல்லி வைக்கிறேன்.

சாதா சோடா: நிறமில்லை, இனிப்பில்லை. கறி விருந்துக்குப் பிறகும் வயிறு உப்புசத்துக்கும் இதுதான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டால் லெமன் சோடா. உப்பு விழுந்ததும் நுரை பொங்குவதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். மேடைப் பேச்சாளர்களுக்கு மைக்குக்குப் பக்கத்தில் வைப்பதும் இதுதான். பேச்சு சூடானால் கூட்டத்தில் பறப்பதும் இதே பாட்டில்தான்.

ஜிஞ்சர்: இஞ்சிக் காரம். செரிமானத்துக்கு என்று பெரியவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

பன்னீர் சோடா: ரோஜாப் பன்னீர் வாசனை, மிதமான இனிப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கு மவுசு அதிகம், இங்கேயும் கோவில் விசேஷங்களில் நன்றாக ஓடும்.

கலர்: ஆரஞ்சு, திராட்சை, பச்சை, சிவப்பு. சர்க்கரைப் பாகு, எசன்ஸ், சாயம், கேஸ். ஆரஞ்சுக்கும் ஏற்காட்டு ஆரஞ்சுக்கும் எந்த உறவும் கிடையாது. சர்க்கரை தட்டுப்பாடான காலங்களில் சாக்கரின் கைகொடுத்தது. குறிப்பிட்ட அளவு வரை சட்டமும் அதை அனுமதித்தது. குடித்து முடித்ததும் நாக்கில் நின்ற லேசான கசப்புக்குக் காரணம் அதுதான்.

கோலா வகை: கறுப்பு நிறம். 1886-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் கோகோ கோலாவோடு தொடங்கியது. காளிமார்க் 1950-களின் இறுதியில் கொண்டுவந்த பொவொண்டோ, திராட்சை வாசனையோடு இதற்குத் தமிழ்நாட்டின் பதிலானது.

'கலர்' என்பது நம் பக்கத்தில் வெறும் பானமாக இருந்ததில்லை. வீட்டுக்குச் சம்பந்தி வந்தால், பெண் பார்க்க வந்தால், வெளியூரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தால், 'ஓடிப்போய் நாலு கலரு வாங்கிட்டு வா' என்று பையனை அனுப்புவார்கள். காபி எல்லோருக்கும் உண்டு. கலர் வாங்கினால் விருந்தாளி முக்கியமானவர் என்று பொருள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் குழந்தைக்கு ஒரு கலர் வாங்கித் தந்துவிட்டால் அந்த வருஷத்துப் பண்டிகை முடிந்த மாதிரி. தடித்த கண்ணாடி போட்டவரைச் 'சோடாபுட்டி' என்று கேலி செய்வதும் அந்தக் கனத்த பாட்டில் கொடுத்த சொல்தான்.

ரிட்டன் லோடு

இனி கணக்குக்கு வருகிறேன். ராசிபுரத்தில் என் தாய்மாமா பெட்டிக்கடை வைத்திருந்தார். வாரம் இரண்டு முறை சோடா கம்பெனி வண்டி வரும். நிறைந்த பெட்டியை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். பெட்டிக்கு 24 பாட்டில். ஒன்று குறைந்தாலும் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே இருந்த கலரை விடப் பாட்டிலுக்குத்தான் விலை அதிகம். அதனால்தான் மாமா, குடித்து முடிக்கும்வரை வாடிக்கையாளரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லை என்றால் முன்பணம் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு ஏற்பாடு இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, தெருவில் காலி பாட்டில் கிடக்காது. கிடந்தாலும் ஒரு பையன் எடுத்துப்போய்க் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கிவிடுவான். இரண்டாவது, ஊர் சோடா கம்பெனிக்கு அது வேலியாக நின்றது. ரிட்டன் லோடு இல்லாத வண்டி நஷ்டம் என்று நாமக்கல், திருச்செங்கோடு லாரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கலர் வண்டிக்குக் கிடைக்கும் ரிட்டன் லோடு காலிக் கண்ணாடிதான். அதற்கு வாடகை கிடையாது, உடைசல் மட்டும் உண்டு. எனவே கலரைத் தூரத்துக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. ராசிபுரத்துக்கு ஒரு கம்பெனி, ஆத்தூருக்கு ஒரு கம்பெனி என்று சிறு தொழில்கள் பிழைத்ததற்குக் காரணம் ருசியை விட இந்தக் கணக்குத்தான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே விதிதான். அவர்களும் கண்ணாடிப் பாட்டிலில்தான் விற்றார்கள். வில்லியம் பெயின்டர் என்பவர் அமெரிக்காவில் 1892-ல் காப்புரிமை பெற்ற தகர மூடி, கோலியை விட வேகமாக அடைக்க உதவியது. பாட்டில் மட்டும் திரும்பி வந்தே ஆக வேண்டும். ஆகவே அவர்களும் பகுதிக்கொரு பாட்டிலிங் ஆலை போட வேண்டியிருந்தது.

வந்தார்கள், போனார்கள், வந்தார்கள்

அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-ல் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்த 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப ஜனதா அரசே ஒரு கோலாவைக் கொண்டுவந்தது. ஆண்டின் பெயரால் அதற்கு 'டபுள் செவன்' என்று பெயர். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதன் செய்முறையைத் தயாரித்தது. அது நிலைக்கவில்லை. பார்லேயின் தம்ஸ் அப்பும் லிம்காவும் கோல்ட் ஸ்பாட்டும் நிலைத்தன. அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கோல்ட் ஸ்பாட்டும் பொவொண்டோவும் ஊர்க் கலரும் ஒரே ஐஸ் பெட்டியில் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

1990-ல் 'லெஹர் பெப்சி' என்ற பெயரில் பெப்சி வந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்து, பார்லேயின் பானங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. நம் சோடா கம்பெனிகள் மூடியது அதனால்தான் என்று பொதுவாகச் சொல்வோம். விளம்பரம், கடைகளுக்கு இலவசக் குளிர்பெட்டி எல்லாம் சிறு கம்பெனிகளைப் பாதித்தன என்பது உண்மை. ஆனாலும் வேலியை உடைத்தது பிளாஸ்டிக் பாட்டில் என்பதே என் எண்ணம்.

டூபான்ட் கம்பெனியில் இருந்த நத்தானியேல் வயத் 1973-ல் காப்புரிமை பெற்ற 'பெட்' பாட்டில் கேஸின் அழுத்தத்தைத் தாங்கும், விழுந்தால் உடையாது, எடை மிகக் குறைவு. முக்கியமாக, அது திரும்பி வர வேண்டியதில்லை. லாரி ஒருவழி ஓடினால் போதும். எங்கோ நிரப்பிய பானத்தைக் கொல்லிமலை அடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் இறக்கிவிடலாம். ஊர் கம்பெனியைக் காத்து நின்ற ரிட்டன் லோடு கணக்கு அன்றோடு முடிந்தது. பெட்டியைத் திருப்பி எடுக்கும் செலவு கம்பெனியை விட்டுப் போனது. அந்தச் செலவு மறையவில்லை. நம் சாக்கடைக்கும் மாநகராட்சிக் குப்பை வண்டிக்கும் பூங்காவில் சாக்குக் கட்டிய அம்மாவின் முதுகுக்கும் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு நடந்தவை

ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பொவொண்டோவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் திடீர் வரவேற்பு கிடைத்தது. நம் பக்கத்துக் கடைகளிலும் சில மாதம் அந்தச் சூடு இருந்தது. ஆனால் அப்போது விற்ற உள்ளூர் பானங்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வந்தன. லேபிள் மாறியதே தவிரக் குப்பை மாறவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி.யில் இனிப்புச் சேர்த்த கேஸ் பானங்களுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத கூடுதல் வரியும் போட்டார்கள். மொத்தம் 40. உலகக் கம்பெனிக்கும் ஊர் கம்பெனிக்கும் ஒரே வரி. சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்திலும் 2019 அக்டோபர் முதல் கேஸ் பானம் தயாரிப்பவர்கள் சேர முடியாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகையைத் தடை செய்தது. தண்ணீர் பாக்கெட் அதில் உண்டு. குளிர்பான பாட்டில் அதில் இல்லை.

இன்னொரு பக்கம், பழைய டெபாசிட் முறை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. மலைகளில் காலி மதுபாட்டில் குவிவதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. என் மாமா ராசிபுரத்துப் பெட்டிக்கடையில் கடைப்பிடித்த சட்டம்தான் இது.

கோலி சோடாவுக்கும் நல்ல காலம் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில், மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், வளைகுடா நாடுகளுக்குக் கோலி சோடா ஏற்றுமதியாவதைப் பெருமையோடு அறிவித்தது. நெடுஞ்சாலைக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் விதவிதமான ருசிகளில் கோலி சோடா திரும்பி வந்திருக்கிறது.

நம்மால் ஆனது

பழையது எல்லாம் நல்லது என்று நான் எழுத வரவில்லை. பல சோடா கம்பெனிகளில் பாட்டிலை ஒரே தொட்டித் தண்ணீரில் அலசி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சாயமும் சாக்கரினும் அளவோடுதான் இருந்தன என்று சொல்ல முடியாது. ஒரு கண் போன சோடாக்கார மாமாவுக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. சர்க்கரை நோய் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் இந்தக் காலத்தில், எந்தப் பாட்டிலில் வந்தாலும் கலர் அளவோடு இருக்கட்டும்.

திரும்பக் கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலி பாட்டிலுக்கு ஒரு விலை. விலை இருந்தால் யாரும் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நம் குடியிருப்பு அளவிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பொதுக்கூட்டத்தில் பேச இவற்றை முன்வைக்கிறேன்.

ஒன்று, சங்கத்தின் விழாக்களுக்குக் கண்ணாடிப் பாட்டில் சோடாவைப் பெட்டிக் கணக்கில் வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுப்பது. உணவுப் பாதுகாப்பு உரிமம் உள்ள, பாட்டில் கழுவும் இடத்தை நாம் நேரில் போய்ப் பார்த்த கம்பெனியாக இருக்க வேண்டும்.

இரண்டு, விருப்பமுள்ள வீட்டினர் சேர்ந்து எலுமிச்சை, இஞ்சி, நன்னாரி சர்பத் தயாரித்து, சாதா சோடாவோடு டம்ளரில் கொடுப்பது. இனிப்பை நாமே குறைத்துக்கொள்ளலாம்.

மூன்று, பிளாஸ்டிக் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், விழாவில் ஒரு பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கி, காலியைக் கொடுத்ததும் திருப்பித் தருவது. சேர்ந்த பாட்டில்களைப் பழைய சாமான் கடையில் போட்டு வரும் பணம், பூங்காவைச் சுத்தம் செய்பவர்களுக்கே போகட்டும்.

மூன்றாவது யோசனையை அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு ரூவாய்க்குப் பசங்க விட்டுட்டுப் போயிருவாங்க சார், அஞ்சு ரூவாயா வையுங்க" என்றார். கூட்டத்தில் அதையும் சேர்த்தே பேசுவோம்.